எச்சரிக்கையின் இரண்டாம் வரி

ஒரு எச்சரிக்கை உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா? அதைக் கேட்டவர்கள் தவறான பக்கம் ஓடினால், அந்த ஓட்டத்துக்கும் சொன்னவன்தான் பொறுப்பா?

தாவீது இந்தக் கேள்வியை இந்தச் சொற்களில் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அதிகம் படித்தவர் அல்லர். அதிகம் பேசுகிறவரும் அல்லர். ஆனால் அவருடைய நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு மே மாதப் பிற்பகல் அந்தக் கேள்வியை அவர் தலையில் இறக்கியது. அதன் பிறகு அவர் செய்தவையெல்லாம் அதற்குப் பதில் தேடிய காரியங்கள்தாம். சில நல்ல பதில்கள். ஒன்று நல்லதா கெட்டதா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாதது.

ஒரகடத்தில் கார்களுக்கு பம்பர் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் அவர் காவலாளி. சொந்த ஊர் வல்லக்கோட்டைக்கு இரண்டு மைல் தள்ளி. அப்பா கூலிக்கு உழுத வயலின்மேல் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை; அது எப்போதும் அடுத்தவர் வயலாகவே இருந்தது.

அவருடைய வேலை போன்களை வாங்கி வைப்பது. புது மாடல்களின் படம் வெளியே போய்விடும் என்பதால் உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்கள் போனை சைலன்ட்டில் போட்டுக் கொடுப்பார்கள். தாவீது அதைச் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் இரும்புப் பெட்டிகளில் வைத்து, பெட்டியின் எண் எழுதிய டோக்கனைக் கொடுப்பார். மொத்தம் முந்நூற்று இருபது பெட்டிகள். எட்டு மணி நேரத்துக்கு அத்தனை பேருடைய வெளியுலகமும் அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும்.

இருநூற்றுப் பதினான்காம் பெட்டி பாண்டிச்செல்வியுடையது. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, சுங்குவார்சத்திரத்தில் விடுதியில் தங்கியிருந்தாள். தினமும் போனைக் கொடுக்கும்போது ஒரே வாக்கியம்.

"பத்திரம்ணே. அதுக்குள்ளதான் எங்கம்மா இருக்கா."

"அம்மாவ ஏம்மா டப்பாக்குள்ள போட்டு வைக்கிற?"

"உள்ள கூட்டிட்டுப் போனா ரகுபதி சார் பம்பரோட சேத்து ஒட்டிருவாருண்ணே."

பின்னால் நிற்கும் மோகன் பொறுமை இழப்பான். குன்றத்தூர்க்காரன், பாண்டிச்செல்வி வேலை செய்யும் லைனுக்கு லீடர். "இன்னா தாவீதண்ணா, கதை பேசிக்கினு கீற? லைன் உனக்காவ நிக்குமா?"

ரகுபதி தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. மாதத்துக்கு ஒருமுறை தீ விபத்து ஒத்திகை நடத்துவார். சைரன் அலறியதும் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். திறந்த மைதானத்தில் வேலியோரம் ஒரு பச்சைப் பலகை நட்டிருக்கிறது. அதன் முன்னால் லைன்வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு லீடரும் தன் ஆட்களை எண்ணிச் சொல்ல, ரகுபதி விசில் ஊதுவார். விசில் வரும்வரை யாரும் உள்ளே திரும்பக் கூடாது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி அவர்களுடைய சாதனை. அது வாசலில் பலகையில் எழுதித் தொங்கியது.

இப்படித்தான் உடம்பு ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. சைரன் என்றால் வெளியே. எதற்காகச் சைரன் என்று உடம்பு கேட்பதில்லை.

அந்த மே மாதப் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, தாவீதின் முதுகுக்குப் பின்னால் முந்நூறு போன்களும் ஒரே நேரத்தில் அலறின. சைலன்ட்டில் போட்ட போன்கள். இரும்புப் பெட்டிகள் அதிர்ந்தன. அரசாங்கம் முன்பொரு தடவை சோதனைக்காக அனுப்பியபோது அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். அன்று எல்லாரும் சிரித்தார்கள். இன்று அருகிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு போனை எடுத்துப் பார்த்தார். 'காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடுத்த ஒரு மணி நேரத்தில் இடி மின்னலுடன் சூறைக்காற்று வீசக்கூடும்.'

அவர் தலையைத் தூக்கினார். வல்லக்கோட்டைப் பக்கம் வானம் ஈயம் போல இருந்தது. எதிரே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஷெட்டின் கூரையில் ஆறு பேர் இரும்பு ஷீட்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். தாவீது கத்தினார். அவர்களுடைய டிரில் சத்தத்தில் கேட்கவில்லை. கவுன்டர் பக்கத்தில் சுவரில் சிவப்புக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. முழங்கையால் உடைத்துச் சைரன் பொத்தானை அழுத்தினார்.

கூரைமேல் இருந்த ஆறு பேரும் கருவிகளைப் போட்டுவிட்டுச் சாரத்தில் சறுக்கி இறங்கினார்கள். அவர்கள் பிழைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இறங்கும் அவசரத்தில் கடைசி ஷீட்டை இரண்டே திருகாணியில் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதையும்.

பெரிய ஷெட்டின் கதவுகள் திறந்தன. உள்ளே பத்திரமாக இருந்த முந்நூறு பேர் வெளியே ஓடிவந்தார்கள். அப்போதுதான் தாவீது கையில் இருந்த போனை மறுபடி பார்த்தார். இரண்டாவது வரி இருந்தது. 'திறந்த வெளியில் நிற்க வேண்டாம். உறுதியான கட்டடத்துக்குள் இருக்கவும்.'

"உள்ள போங்க! எல்லாரும் உள்ள போங்க!"

சைரன் அவர் குரலை விழுங்கியது. அதை அணைக்கும் சாவி ரகுபதியிடம் இருந்தது. ரகுபதி பச்சைப் பலகையின் அருகில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று வந்தது. முதலில் மண், பிறகு சரளைக் கல், பிறகு சாய்ந்து அடித்த மழை. வரிசைகள் கலையவில்லை. கண்களை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சூறைக்காற்றில் மனிதர்கள் எண்ணப்படுவதற்காக நின்றார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு நீலச் சீருடை விலகி ஷெட்டை நோக்கி ஓடப் பார்த்ததையும், யாரோ கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியதையும் தாவீது வாசலிலிருந்து பார்த்தார். யார் யாரென்று மழையில் தெரியவில்லை.

புது ஷெட்டின் கூரையில் ஒரு ஷீட் எழுந்து நின்றது. இரண்டு திருகாணிகளும் பிய்ந்தன. பன்னிரண்டடி இரும்பு காகிதம் போலச் சுழன்று மைதானத்துக்கு வந்து, தரையில் ஒருமுறை மோதி, மூன்றாவது வரிசைக்குள் கிடைமட்டமாகப் பாய்ந்தது. அது பாண்டிச்செல்வியின் கழுத்தில் பட்டது. அவள் கத்தவில்லை. அவளுக்கு முன்னால் நின்றவளின் முதுகு முழுவதும் சிவப்பானது. மழை அதை உடனே கழுவியது, மறுபடியும் சிவப்பானது. அதன் பிறகுதான் வரிசைகள் கலைந்தன.

ஆம்புலன்ஸ் போன பிறகு வாசலுக்கு வந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். முன்னால் மோகன். அவன் சட்டையில் அவளுடைய ரத்தம்.

"யார்ரா சைரன் அடிச்சது?"

"நான்தாம்பா. ஷெட்டு மேல ஆளுங்க..."

வாக்கியம் முடியவில்லை. மோகன் கையில் இருந்த ஹெல்மெட் அவர் வாயில் இறங்கியது. கீழே விழுந்தவரைக் காலரைப் பிடித்து இழுத்து இரும்புப் பெட்டிகளில் மோதினான். மற்றவர்கள் காலால் உதைத்தார்கள். "நெருப்பு எங்கடா? காட்டுடா! எங்க நெருப்பு?" என்று மோகன் கேட்டுக்கொண்டே அடித்தான். இடது காதில் ஒரு அடி விழுந்தபோது, யாரோ கதவைச் சாத்தியது போல அந்தப் பக்கத்து உலகம் நின்றுபோனது. வலது காது தரையோடு ஒட்டியிருந்தது. அந்தக் காதில் ஒரு போன் இரும்புப் பெட்டிக்குள் அதிர்வது கேட்டது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அது எந்தப் பெட்டி என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு பற்கள் போயின. இடது காதின் சவ்வு கிழிந்தது. விசாரணை நடந்து, இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை வந்தது. அதில் தாவீதின் பெயர் இல்லை, மோகனின் பெயர் இல்லை, ஒத்திகையைப் பற்றியும் எதுவும் இல்லை. தண்டிக்க யாரும் இல்லாத மரணத்தை மனிதர்கள் சீக்கிரம் மறக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அடித்தவர்கள் மேல் தாவீது புகார் கொடுக்கவில்லை.

வீட்டில் மனைவி ஜாஸ்மின் அவருடன் இருபது நாள் சண்டை போட்டாள். ஒருநாள் சோற்றுத் தட்டையே சுவரில் எறிந்தாள்.

"இன்னும் அந்த கேட்டுக்குத்தான் போவேன்றியா? அடிச்சே கொன்னுடுவானுங்கய்யா. குன்றத்தூர்ல அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன் கேக்குறாங்க. குந்திக்கினு காரு நம்பர் எழுதற வேல."

தாவீது வலது காதை அவள் பக்கம் திருப்பினார். "அந்தப் போனுங்க மறுபடியும் கத்தும், ஜாஸ்மின்."

"கத்தட்டுமே. உனக்கு இன்னா?"

"அப்ப அங்க நிக்கிறவன் மொத வரியோட நிறுத்திடுவான்."

அவர் வாயிலிருந்து அதுவரை வந்த விளக்கங்களில் இதுதான் மிக நீளமானது. தன் சொல்லைக் கேட்டு இன்னொரு முறை ஒரு ஆள்கூட வெளியே போய்ச் சாகக் கூடாது. அவருக்கு அதற்குமேல் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்த நாளில் வரிசையில் ஒருவன் டோக்கனை அவர் முகத்தில் விட்டெறிந்தான். இன்னொருவன் அவருக்கு 'சாவு சைரன்' என்று பேர் வைத்தான். அந்தப் பேர் நிலைத்தது. "சாவு சைரன்ணே, முப்பத்தேழாம் நம்பர் குடு" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவர் கொடுத்தார். மோகன் பேசவே மாட்டான். போனை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பான்.

தாவீது முதலில் கண்டுகொண்டது, எச்சரிக்கைகள் குறைவாக இல்லை, அதிகமாக இருக்கின்றன என்பது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் மாதம் முழுக்க வந்ததை ஒரு நோட்டில் குறித்தார். பத்தொன்பது புயல், வெள்ளச் செய்திகள். அவற்றில் நான்கு உண்மை. மூன்றில் இருந்த படங்கள் வேறு மாநிலத்துப் பழைய வெள்ளம். ஒன்றில் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று ஒருவன் அழுதுகொண்டே பேசினான். அன்று ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. அந்தக் குழுவிலிருந்து வெளியேறினார். கேன்டீன் தொலைக்காட்சி 'வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில்' என்றது. ஓரிரு இடம் எது என்று அதற்கும் தெரியாது.

மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் அரசுச் செயலியை போனில் ஏற்றினார். இரண்டு நாள் வேலை செய்தது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு போனே அதை ஓசையில்லாமல் தூங்கவைத்துவிட்டது. அந்த அனுமதியை எங்கே மாற்றுவது என்று கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அலறும் அரசுச் செய்தி நம்பகமானதுதான். ஆனால் பலர் அந்தச் சத்தம் பிடிக்காமல் தங்கள் போனில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்னொன்றும் கவனித்தார். ஒரு மழை நாளில் ஒரு கம்பெனி சிம்மில் வந்த செய்தி, இன்னொரு கம்பெனி சிம்மில் பதினோரு நிமிடம் கழித்து வந்தது. கரண்ட் போய் டவரும் படுத்தால் இரண்டுமே ஊமை.

ஆகவே பழைய போன் ஒன்றில் வேறு கம்பெனி சிம் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பேட்டரி போடும் ரேடியோ ஒன்றையும் வாங்கினார். இடி நெருங்கும்போது அதில் பேச்சுக்கு நடுவே வறுபடும் சத்தம் கேட்கும். டவர் இல்லாவிட்டாலும் கேட்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைக் கவுன்டர் சுவரில் பெயின்ட்டால் எழுதினார். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, எடுக்கிறார்களா என்று பார்ப்பார். "ஒன்னும் இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்பார். மறுமுனையில் ஒரு அம்மாள், "ஒரகடமா? சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

அவர் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. ஒன்று சொன்னால் தயாராக வேண்டும். வேறு வழியாக வந்த இரண்டாவதும் அதையே சொன்னால் செய்ய வேண்டும். எதுவானாலும் கடைசி வரிவரை படிக்க வேண்டும். இதில் பெரிய ஞானம் எதுவும் இல்லை. ஆனால் படித்தவர்கள் நிறைந்த அந்த வளாகத்தில் இதை யாரும் செய்யவில்லை.

பிறகு ரகுபதியிடம் போனார்.

"சைரனுக்கு இவங்க வெளியதான் ஓடுவாங்க சார். அத இனிமே மாத்த முடியாது. மழைக்கு வேற சத்தம் வேணும்."

"என்ன சத்தம், தாவீது?"

"பேச்சு சார். எங்க போவணும்னு வாயால சொல்லணும். ஆபீஸோட சேந்த கேன்டீன் கான்கிரீட் பில்டிங். ஷெட்டுக்குள்ள இருந்தே கதவு கீது. வெளிய கால் வைக்காம அங்க போயிடலாம்."

"ஆபீஸ் பில்டிங்குக்குள்ள லேபர முழுசா விடச் சொல்றீங்களா? மேலிடத்துல என்ன சொல்வாங்க தெரியுமா?"

தாவீது திரும்பி, வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ரகுபதியும் பார்த்தார். அடுத்த வாரம் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் தாவீதுக்குக் கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி ஒன்றும், மழைக்குக் கேன்டீன் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தன. சுற்றறிக்கையை யாரும் படிக்கவில்லை.

மறு ஆண்டு ஏப்ரல் கடைசி. மாலை நான்கேகாலுக்கு அவருடைய முதல் போனும், பெட்டிகளில் அதே கம்பெனி சிம் போட்ட போன்களும் அலறின. தாவீது கடைசி வரிவரை படித்தார். இரண்டாவது போன் சும்மா இருந்தது. ரேடியோவில் வறுபடும் சத்தம். 1077-ஐக் கூப்பிட்டார். "ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி உங்க பக்கம்தான் வருது. எல்லாரையும் உள்ள வையுங்க" என்றார் அந்த அம்மாள். பேசி முடிப்பதற்குள் இரண்டாவது போனும் அலறியது.

அவர் சிவப்புக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஷெட்டின் நீளத்துக்கும் நடந்தார். "காத்து வருது. கேன்டீனுக்குப் போங்க. வெளிய போகாதீங்க. உள் கதவு வழியா கேன்டீனுக்குப் போங்க." பிறகு முற்றத்தைத் தாண்டி ஓடி, ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றக் காத்திருந்த நான்கு பஸ்களின் டிரைவர்களையும் இறக்கிக் கூட்டிவந்தார்.

நான்கரைக்குக் கேன்டீனில் முந்நூறு பேர். கரண்ட் போய்விட்டது. வேலை முடிந்த வியர்வையும் சாம்பார் வாடையும். வெளியே இன்னும் காற்று வரவில்லை, வெளிச்சம்கூட இருந்தது. கூப்பிடு தூரத்தில், உயரமான விளக்குக் கம்பத்துக்குக் கீழே பஸ்கள் நின்றன. தாவீது வெளிச்சத்துக்காக ஷட்டரைப் பாதி மட்டும் இறக்கிவிட்டு, லத்தியோடு அதன் முன்னால் நின்றார்.

"அண்ணே, எனக்குக் கல்யாண மண்டபத்துக்குப் போவணும்ணே."

"பொண்ணு உனக்கா, மச்சான்? இல்லன்னா குந்து," என்றான் பின்னால் இருந்த ஒருவன்.

"சாவு சைரன் இன்னைக்கு வாயத் தொறந்துகிச்சுடா! எவனுக்கோ சங்கு!"

சிரிப்பு. பிறகு கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. சிரிப்பு நின்று முணுமுணுப்பு ஆனது. தூரத்தில் இடி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மோகன் முன்னால் வந்தான். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு அவன் தாவீதிடம் பேசியது அப்போதுதான்.

"தள்ளு."

"பத்து நிமிசம் இரு, மோகன்."

"போன வருசம் வெளிய போன்னு சொல்லிக் கொன்ன. இந்த வருசம் உள்ள வச்சுக் கொல்லப் போறியா?"

தாவீதின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இரு, மோகன்" என்றார் மறுபடியும்.

மோகன் இரண்டு கைகளாலும் அவர் மார்பில் தள்ளினான். ஷட்டரில் முதுகு மோதித் தகரம் அதிர்ந்தது. அவன் குனிந்தான், தலையும் ஒரு தோளும் ஷட்டருக்கு வெளியே போய்விட்டன. அவன் பின்னால் நாற்பது ஐம்பது பேர் நகரத் தொடங்கினார்கள். சரியாக அப்போது காற்று வந்தது. முற்றத்து மண் மொத்தமும் எழுந்து உள்ளே அடித்தது.

தாவீது லத்தியை ஓங்கி, ஷட்டரைப் பிடித்திருந்த மோகனின் வலது முன்கையில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தத்தைக் காற்றையும் மீறி முன்வரிசை கேட்டது. மோகன் கத்திக்கொண்டு உள்ளே சரிந்தான். தாவீது ஷட்டரைத் தரைவரை இழுத்து, காலால் மிதித்து, கொக்கியைப் போட்டார். கூட்டம் அப்படியே நின்றது. யாரும் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு அவர் திரும்பினார். தரையில் கிடந்த மோகனை, அதே கையில், இன்னொரு முறை அடித்தார்.

வெளியே எதுவோ முறிந்தது. தொடர்ந்து பூமி அதிர்ந்தது. கால் மணி நேரம் கழித்து ஷட்டரைத் தூக்கியபோது, விளக்குக் கம்பம் முதல் பஸ்ஸின் குறுக்கே விழுந்து, அதைக் கூரையிலிருந்து இருக்கைவரை மடித்துப் போட்டிருந்தது. கேன்டீனிலிருந்து பஸ்ஸுக்குப் போகும் பாதை முழுக்கக் கண்ணாடியும் ஷீட்டுகளும். முந்நூறு பேரும் நின்று அதைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, மோகனைத் தூக்க இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

இதை வீரம் என்று சொல்லிவிடுவது எளிது. முதல் அடி முந்நூறு பேரைக் காத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது அடி யாரைக் காத்தது?

நான்காம் நாள் காலை எல்லாரும் காவல் நிலையத்தில் இருந்தார்கள். மோகனின் அண்ணன் ஆத்திரத்தில் புகார் கொடுத்திருந்தான். இப்போது மோகனே மாவுக்கட்டோடு அதை வாபஸ் வாங்க வந்திருந்தான். ரகுபதி சமாதானக் கடிதம் ஒன்றை டைப் செய்து கொண்டுவந்திருந்தார். ஜாஸ்மின் சுவரோரம் நின்றாள். ஆய்வாளர் கேன்டீன் கேமரா பதிவை இரண்டு முறை பார்த்தார்.

"மொத அடி புரியுது. ரெண்டாவது எதுக்குய்யா?"

தாவீது திரையில் நின்றுபோயிருந்த தன் உருவத்தைப் பார்த்தார்.

"பழைய பகையா?"

"சார்," என்றான் மோகன். "அத வுட்ருங்க சார். போன வருசம் இவரு காத நான்தான் போக்கினேன். இவரு ஒரு கம்ப்ளைன்ட்டும் குடுக்கல. அதுக்கு இதுன்னு வச்சிக்கங்க." கொஞ்ச நேரம் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பொண்ணு பாண்டிச்செல்வி... உள்ள ஓடப் பாத்துச்சு சார். நான்தான் கையப் புடிச்சு இஸ்து லைன்ல நிக்க வச்சேன். கவுன்ட்டு முடியலன்னு. இந்தக் கைதான் சார். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இவர அடிக்கறப்பகூட மனசுல அதான் ஓடிச்சு."

தாவீது வலது காதைத் திருப்பி முழுவதையும் கேட்டார். மழையில் அன்று பார்த்த கை யாருடையது என்று அவருக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா என்பதை அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். "எலும்பு முறிவு. எழுதணும்னா எழுதலாம். ரெண்டு பேரும் இந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டா இத்தோட முடிஞ்சுது. முந்நூறு பேரக் காப்பாத்தின ஆளு மேல கேஸ் போட எனக்கும் ஆசை இல்ல."

"மேனேஜ்மென்ட்ல தாவீதுக்குப் பாராட்டு விழாவே வைக்கறாங்க சார்," என்றார் ரகுபதி. "கேஸ் விழுந்தா செக்யூரிட்டி ஏஜென்சி இவர வேலையில வைக்காது. தாவீது, புரியுதில்ல? அந்த கவுன்டர் போயிடும்."

மோகன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நகர்த்தினான். தாவீது அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு மெதுவாக மேஜையின் மறுபக்கம் தள்ளினார்.

"ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க சார்."

"எதுக்கு?"

"நான் எழுதித் தர்றேன். கேஸ் போட்டுக்கங்க."

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமா?" என்று ஜாஸ்மின் சுவரிலிருந்து பாய்ந்துவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போடுய்யா கையெழுத்த! சொல்றேன் இல்ல, போடு!"

"தாவீதண்ணா," என்றான் மோகன். "நீ போயிட்டா அந்தப் போனுங்க கத்தறத யாருண்ணா கேப்பாங்க?"

தாவீது சட்டைப்பையிலிருந்து இரண்டு போன்களையும் எடுத்து மேஜைமேல் அவன் பக்கமாக வைத்தார். ஆய்வாளர் நீட்டிய தாளை இழுத்துக்கொண்டார். பெரிய எழுத்தில், அவசரமில்லாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதத் தொடங்கினார். முதல் அடியை ஒரு வரியில் எழுதினார். இரண்டாவது அடியை இன்னொரு வரியில் எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.